வீட்டுச் சாமான்களை வைத்து முதுகுப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே உடம்பைத் தேற்ற நினைக்கிறவர்கள் முதலில் பிடிப்பது தண்டால். அது தள்ளுகிற வேலை. முதுகுக்கு இழுக்கிற வேலை வேண்டும், அதற்கு எதையாவது பிடித்துத் தொங்கவோ, தூக்கவோ வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்குவது அங்கேதான். வார்ம்-அப், மூச்சு இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

கதவின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

பெட்ஷீட்டின் ஒரு முனையில் பெரிய முடிச்சு. அதைக் கதவுக்கு மேலே அந்தப் பக்கம் போட்டுக் கதவைச் சாத்தி, மறுமுனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உடம்பை இழுக்க வேண்டும். அருமையான பயிற்சி. ஆனால் படுக்கையறைக்குள் நின்றுகொண்டு செய்கிறார்கள்! நம் வீடுகளில் அறைக்கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். உள்ளே நின்று இழுத்தால், கதவு திறக்கிற திசையிலேயே பாரம் போகிறது. தாங்குவது தாழ்ப்பாளின் சின்னச் சின்ன ஸ்குரூக்கள்தான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரிப் பையனிடம் இதைச் சொன்னேன். "தாழ்ப்பாள் போட்டிருக்கேன் அண்ணா" என்றான். தாழ்ப்பாள் பிய்ந்து, மல்லாக்க விழுந்து, வால் எலும்பில் அடி. வாரக்கணக்கில் உட்கார முடியவில்லை. தேறி வந்தவன் கேட்டது: "இன்னும் பெரிய தாழ்ப்பாள் போட்டா தாங்குமா அண்ணா?"

தாழ்ப்பாளில் ஒன்றுமில்லை, தம்பி. ஹாலில் வந்து நில். முடிச்சு அறைக்குள் இருக்கட்டும். நீ இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். எந்தப் பக்கம் நின்றால் கதவைத் தள்ளித் திறக்க வேண்டுமோ, அதுதான் உன் பக்கம். அறைக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வெளித்தாழ்ப்பாளையும் போட்டுவிடு. நைந்துபோன பெட்ஷீட், பிவிசி கதவு இரண்டும் ஆகாது.

கண்ணாடி டைனிங் டேபிள்

மேஜைக்கு அடியில் படுத்து, விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிற பயிற்சி ஒன்று உண்டு. கண்ணாடி மேஜையில் அப்படித் தொங்கவே கூடாது.

பெட்ஷீட்டை இழுக்கும்போது கை மட்டும் வலிக்கிறதா?

அப்படியானால் முதுகு வேலை செய்யவில்லை. முழங்கையை இடுப்பை நோக்கிப் பின்னால் கொண்டுபோங்கள், தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. பாதம் கதவை நெருங்க நெருங்க உடம்பு அதிகம் சாயும், பாரமும் கூடும். முடியவில்லையா, ஓரடி பின்னால் வாருங்கள்.

தண்ணீர் கேன்

குனிந்து நின்று, பாரத்தை இடுப்பை நோக்கி இழுத்துத் தூக்குகிற பயிற்சிக்குச் சிலர் இதை எடுக்கிறார்கள். 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. பாதி காலி செய்தால் எடை குறையும், சரி. ஆனால் தண்ணீர் அலம்பி ஒரு பக்கமாக இழுக்கும். குனிந்து தூக்கும்போது அந்த ஆட்டம் இடுப்புக்கு ஆகாது. கைப்பிடி உள்ள துணிப்பையில் 5 கிலோ அரிசி போட்டுத் தொடங்குங்கள்.

சூப்பர்மேன்

குப்புறப் படுத்து, கைகளையும் கால்களையும் தரையிலிருந்து தூக்குகிற பயிற்சி இது. தலையைத் தூக்கி டிவி பார்க்காதீர்கள். பார்வை தரையில்.