மணலுக்கும் மலைக்கும் போகும் வண்டிக்கு ஜாக்கி: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்தில் பக்கி (பிக்-அப் வண்டி) வைத்திருப்பவர்களில் பலர், ஈஸ்டர் விடுமுறைக்கு மணல் தடங்கள் கொண்ட கோசி வளைகுடாவுக்கோ மலைப்பாதையான சானி கணவாய்க்கோ கிளம்பும் வாரத்தில்தான் ஜாக்கியைப் பற்றி நினைக்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன் தூக்கும்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சக்கரம் மாற்றும்போது நாம் முழு வண்டியையும் தூக்குவதில்லை. ஒரு மூலையைத்தான் தூக்குகிறோம். சாமான் ஏற்றிய இரட்டைக் கேபின் பக்கி மூன்று டன்னை நெருங்கினாலும், ஒரு சக்கரத்தின் மேல் விழும் பாரம் ஒரு டன்னை ஒட்டியே இருக்கும். சரிவுக்கும் கோணலுக்கும் இடம் விட்டுப் பார்த்தாலும் 2 அல்லது 3 டன் ஜாக்கி போதும். பாட்டில் வடிவில், எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் பாட்டில் ஜாக்கியில் பொதுவாக டன் கூடக் கூட, முழுவதும் இறக்கிய நிலையிலும் அதன் உயரம் கூடுகிறது என்பதால், பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவர்தான் வழியில் அதிகம் அவதிப்படுகிறார்.

அந்த அவதியை நானே பட்டிருக்கிறேன். கோசி வளைகுடா கடலோடு சேரும் முகத்துவாரமான கோசி வாய்க்குப் போகும் மணல் தடத்தில், காற்றைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டியைச் சட்டென்று திருப்பியதில், பின்பக்க டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. கையிலிருந்த பெரிய ஜாக்கி ஆக்சிலுக்கு அடியில் நுழையவே இல்லை. மைத்துனரும் நானும் மண்வெட்டியால் தோண்டத் தோண்ட, வண்டி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்ததே தவிர வேலை நடக்கவில்லை. கணக்கு மிக எளிது: 265/65 அளவு டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய 17 செ.மீ. உயரம் கொண்டது, காற்று முழுவதும் போய்விட்டால் ஆக்சில் முன்பு இருந்ததைவிட 10 செ.மீ. அளவு இறங்கிவிடுகிறது. நல்ல டயர் நிற்கும்போது அளவெடுத்து வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்கிற இரண்டாவது தவறு. வீட்டு முற்றத்திலேயே ஒரு டயரின் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, ஆக்சிலின் அடியிலிருந்து தரைவரை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இறக்கிய ஜாக்கியும் அதன் அடியில் வைக்கும் பலகையும் சேர்ந்து அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

பலகையைச் சேர்த்தே சொன்னதற்குக் காரணம் உண்டு. பாட்டில் ஜாக்கியின் அடிப்பகுதி 10 க்கு 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் பாரம் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 8 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அதே ஜாக்கியை 30 செ.மீ. சதுரமான, 2 செ.மீ. தடித்த நல்ல பிளைவுட் பலகைமேல் வைத்தால் அந்த அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோவாகிவிடுகிறது. மணலில் ஜாக்கி தூக்குவதற்குப் பதிலாகத் தானே புதைந்துபோவதற்கும், வண்டி மேலே எழுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். விலை உயர்ந்த ஜாக்கி வாங்கியவர் இந்தப் பலகையை விட்டுவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

பண்ணைகளிலிருந்து வந்து, இன்று வண்டிக் கூரைகளில் அலங்காரம்போல் தொங்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துளைகள் உள்ள உயரமான எஃகுத் தண்டில், பாரத்தைத் தாங்கும் நாக்கு படிப்படியாக ஏறும் வகை இது. 48 அங்குல உயரமும் 13 கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட இந்தக் கருவி, சரியான வண்டிக்குச் சிறந்த துணை; தவறான வண்டிக்கு வெறும் சுமை. இன்றைய பக்கிகள் பலவற்றில் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் பம்பர் இருப்பதால், அதன் நாக்கை வைத்துத் தூக்க உறுதியான இடமே கிடையாது. எஃகு பம்பரோ பக்கவாட்டில் பாறை இடிக்காமல் காக்கும் எஃகுச் சட்டமான ராக் ஸ்லைடரோ பொருத்தாத வண்டிக்கு இதை வாங்குவது, பூட்டு இல்லாத கதவுக்குச் சாவி வாங்குவது போல. பம்பரையோ சேசிஸையோ தூக்கினால் முதலில் ஸ்பிரிங்குகள் நீளும். சக்கரம் தரையை விட்டு எழுவதற்குள் வண்டியின் உடல் ஒரு முழத்துக்கு உயர்ந்து ஆட்டம் கண்டுவிடும். ஆக்சிலையோ, முன்பக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையையோ (லோயர் ஆர்ம்) நேராகத் தூக்கும் சின்ன ஜாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. இறக்கும்போதுதான் ஹை-லிஃப்ட்டின் ஆபத்து முழுமையாகத் தெரிகிறது. பாரத்தின் வேகத்தோடு கைப்பிடி தாடையை நோக்கி எகிறக்கூடும். நாக்கின் மேல் போதிய பாரம் இல்லாவிட்டால் படிப்படியாக இறங்காமல் சரேலென்று கீழே விழும். தம்பிமார் ஒருவருக்கொருவர் செய்து காட்டும் பொருளல்ல இது. சக்கரத்தையே கொக்கியால் பிடித்துத் தூக்கும் துணைக்கருவி ஒன்றும் கிடைக்கிறது. பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அடியில் கல் வைக்க அது மிக நல்லது, ஆனால் சக்கரம் மாற்ற உதவாது.

புகைபோக்கியின் காற்றால் ஊதும் பை ஜாக்கி, அகன்ற அடியோடு இருப்பதால் மணலுக்குப் பொருத்தமானது. ஆனால் கலஹாரி பாலைவனத்தின் முள்ளும், சூடான புகைக்குழாயும் அதன் எதிரிகள். மேலும் கீழும் தடித்த பாய் போடாமல் அதை நம்பக் கூடாது.

எந்த ஜாக்கியாக இருந்தாலும், கைப்பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து, சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டை வாங்காமல் விடுவதும் பெரிய பிழை. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஓட்டத்தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் எழுந்த உடனே, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் உருளத் தொடங்கலாம். கடல்மட்டத்துக்கு மேல் 2,876 மீட்டர் வரை ஏறும் சானி கணவாயில், முட்டுக்கட்டை இல்லாமல் சரிவில் வண்டியைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுப்பிய வண்டியின் அடியில் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து விட்டால், ஜாக்கி சரிந்தாலும் உடல் அதன்மேல் நிற்கும்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதையும் கடையிலேயே யோசிக்க வேண்டும். ஹை-லிஃப்ட்டை வெளியே கட்டினால், கரடுமுரடான மண்சாலையின் தூசி அதன் பின்களைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு அடர்த்தியான கிரீஸ் பூசுபவர்கள், மணலைச் சேர்த்து வைக்கும் பசையைத்தான் பூசுகிறார்கள். உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே போதும், அதோடு ஓர் உறையும் வேண்டும். பாட்டில் ஜாக்கியைப் பெட்டிக்குள் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுத்தே பயணித்திருந்தால், பாரம் ஏற்றுமுன் வெளியேற்றும் வால்வைத் திறந்து நாலைந்து முறை பம்ப் அடித்துவிட்டு, வால்வை மூடிய பின் வெறுமனே ஒருமுறை முழுவதும் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும்.