தட்டு ஆடினால் துளையைப் பாருங்கள்

போன வாரம் கும்பகோணம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் அலமாரிப் பக்கப்பலகையில், தட்டைத் தாங்கும் பின்களுக்கு (pin) துளை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது வரிசைக்கு, துளை இடம் காட்டும் அச்சுக்கட்டையைத் திருப்பிய விதத்தைப் பார்த்ததும் கத்திவிட்டேன். தொழில் பழகிய காலத்தில் நான் திருப்பிய அதே திருப்பு. டிரில் சாய்வது, துளை பிசிறடிப்பதெல்லாம் பழகினால் போய்விடும். அவற்றை விடுகிறேன்.

அச்சைச் சுழற்றுவது

துளைக்குத் துளை 32 மில்லி, விளிம்பிலிருந்து 37 மில்லி, 5 மில்லி பிட்டு. வழக்கமான கணக்கு இது. ஒவ்வொன்றாக அளக்க முடியாதென்று ஒரு ரீப்பரில் (ஒல்லியான மரச்சட்டத்தில்) துளை போட்டு அச்சாக வைத்துக்கொள்வோம். இரண்டு பலகையிலும் முன்னும் பின்னுமாக மொத்தம் நான்கு வரிசை. முன்வரிசை முடிந்து பின்வரிசைக்குப் போகும்போது அச்சை, அடிமுனை அடியிலேயே இருக்க, தோசை மாதிரிப் புரட்ட வேண்டும். அச்சில் எழுதிய எழுத்து மேலே தெரியட்டும் என்று கடிகார முள் மாதிரிச் சுழற்றினால் அடிமுனை தலைக்குப் போய்விடும்.

மன்னார்குடியில் ஒரு தமிழாசிரியர் வீட்டுப் புத்தக அலமாரிக்கு நான் அப்படித்தான் சுழற்றினேன். அச்சின் அடியில் விட்ட இடமும் தலையில் விட்ட இடமும் 3 மில்லி வித்தியாசம். முன் இடதும் பின் வலதும் ஒரு மட்டம், மற்ற இரண்டும் வேறு மட்டம். கால் தேய்ந்த கட்டில் மாதிரி தட்டு மூலைக்கு மூலை ஆடியது. உள்பக்கம் மைக்காவும் ஒட்டியாகிவிட்டது. துளையை அடைத்தால் அசிங்கம். இன்னொரு 8க்கு 4 ஷீட், என் காசில். "அட்டையை மடிச்சு வெச்சா ஆடாதேப்பா" என்று அவர் ஆறுதலாகச் சொன்னது இன்றைக்கும் குத்துகிறது.

அச்சின் இரண்டு முகத்திலும் 'அடி' என்று பெரிதாக எழுதுங்கள். நான்கு வரிசைக்கும் அளவு அடியிலிருந்துதான். நான்கிலும் முதல் துளையை மட்டும் போட்டு, பலகைகளை அடி சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, நேர்சட்டம் வைத்துப் பார்த்த பிறகு மிச்சத்தைப் போடுங்கள்.

ஆழம்

18 மில்லி ப்ளைவுட்டுக்கு 10 மில்லி போதும். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் சுற்றும் டேப் நழுவி மேலேறும்; துளைத்த மரத்துண்டு ஒன்றை மாட்டுங்கள், அது ஏமாற்றாது.

பெட்டியைக் கூட்டிய பிறகு துளை போடுவது

வேண்டாம்.

பிளாஸ்டிக் பின்

நாலு நோட்டுப் புத்தகத்துக்குச் சரி. இந்த ஊரில் பித்தளைப் பாத்திரம் அடுக்காத வீடு குறைவு, அதற்கு உலோகப் பின்தான். சீர் பாத்திரம் வைப்பார்கள் என்று தெரிந்தால் தட்டின் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றடியைத் தாண்டினால் பின் நிற்கும், தட்டு தொய்ந்துவிடும்.