பேனல் கதவில் ஆர்க் ஃபிளாஷ் லேபிள்: கணக்கிலிருந்து ஒட்டுவது வரை

ஷாக் அடிக்க கம்பியைத் தொட வேண்டும். ஆர்க் ஃபிளாஷுக்கு (ஷார்ட் ஆகும்போது காற்றிலேயே வெடித்துக் கிளம்பும் மின்பொறி வெப்பம்) அது தேவையில்லை. பஸ்பார் (பேனலுக்குள் கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) மேல் ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், எதிரே நிற்பவர் வெந்துவிடுவார். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை தூரத்தில் எவ்வளவு வெப்பம் என்று கதவைத் திறக்கும் முன்பே சொல்வதுதான் இந்த லேபிள்.

1. விவரம் சேகரியுங்கள். டிரான்ஸ்பார்மர் கேவிஏ, இம்பீடன்ஸ் சதவீதம் (ஷார்ட் கரண்டை டிரான்ஸ்பார்மர் எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பது), கேபிள் நீளமும் அளவும், பிரேக்கர் செட்டிங். பழைய டிராயிங்கை நம்பாமல் நேரில் பார்த்துக் குறியுங்கள்.

2. ஃபால்ட் கரண்ட் (நேராக ஷார்ட் ஆனால் ஓடும் கரண்ட்). 1000 கேவிஏ, 433 வோல்ட், 5% இம்பீடன்ஸ் என்றால் முழு லோடு கரண்ட் சுமார் 1333 ஆம்பியர். அதை 0.05-ஆல் வகுத்தால் 26.7 கிலோ ஆம்பியர்.

3. பிரேக்கர் எத்தனை நொடியில் விழும் (ட்ரிப் ஆகும்)? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஆர்க்கில் ஓடும் கரண்ட், ஃபால்ட் கரண்டைவிடக் குறைவு. 18 கிலோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1600 ஆம்பியர் ஏசிபியில் (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) இன்ஸ்டன்டேனியஸ், அதாவது உடனே விழும் செட்டிங், 12 மடங்கில் இருந்தால் 19.2 கிலோ ஆம்பியர் வந்தால்தான் உடனே விழும். 18-க்கு விழாது, ஷார்ட் டைம் டிலே (விழுமுன் காத்திருக்கும் நேரம்) 0.3 நொடி முடியும்வரை ஆர்க் எரியும். 0.05 நொடியில் அணைவதோடு ஒப்பிட்டால் வெப்பம் ஆறு மடங்கு.

4. ஐஇஇஇ 1584 (ஆர்க் ஃபிளாஷ் கணக்குக்கான பொறியியல் வழிகாட்டி) முறையில், மென்பொருள் வைத்து வெப்ப ஆற்றலைக் கணக்கிடுங்கள். பஸ்பார் இடைவெளி, பெட்டி அளவு, வேலை செய்யும் தூரம் எல்லாம் அதில் வரும். ஏசிபியின் இன்கமிங் பக்கத்தைத் தனியாகப் போடுங்கள். அங்கே ஆர்க் வந்தால் இந்த ஏசிபியால் அணைக்க முடியாது, டிரான்ஸ்பார்மரின் எச்டி (உயர் மின்னழுத்த) பக்க பிரேக்கர்தான் விழ வேண்டும். அதற்கு நேரம் கூடும்.

5. லேபிள் வாசகம். அமெரிக்காவின் மின் பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 70இ கேட்பவற்றை வைத்து ஒரு மாதிரி (எண்களை அப்படியே எடுக்காதீர்கள்):

எச்சரிக்கை: ஆர்க் ஃபிளாஷ் அபாயம்
415 வோல்ட்
எல்லை: 3 மீட்டர்
610 மி.மீ. தூரத்தில் 15 கலோரி/ச.செ.மீ.
கணக்கிட்ட தேதி: ____

எல்லை என்பது வெப்பம் 1.2 கலோரி/ச.செ.மீ. ஆகக் குறையும் இடம். அந்த அளவிலேயே தோலில் கொப்புளம் வரும். இங்கே உடையின் ஆர்க் ரேட்டிங் (அது தாங்கும் வெப்ப அளவு) 15-க்குக் கீழே இருக்கக் கூடாது. கலோரி மதிப்பைப் போட்டபின் பிபிஇ கேட்டகரியையும் (பாதுகாப்பு உடையின் வகை எண்) சேர்க்காதீர்கள். என்எஃப்பிஏ 70இ இரண்டையும் சேர்த்துப் போட அனுமதிப்பதில்லை.

6. ஒட்டும் இடம். கதவின் வெளிப்பக்கம், கண் உயரத்தில். கழற்றி மாற்றும் கவரில் ஒட்டினால் அது அடுத்த பேனலுக்குப் போய்விடும். வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில் இருக்கட்டும்: தமிழோடு இந்தியும் தேவைப்படலாம்.

லேபிள் இருப்பதால் லைனில் (கரண்ட் இருக்கும்போதே) வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்டரை முதலில் லைன் உள்ள இடத்தில் சோதித்து, பேனலில் வைத்துப் பார்த்து, மறுபடி லைனில் சோதியுங்கள். அதுவரை ஆர்க் உடை உடம்பிலேயே இருக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் மாறினாலோ, யாராவது ரிலே செட்டிங்கைத் திருகினாலோ கணக்கை அன்றே திருத்துங்கள். எதுவும் மாறாவிட்டாலும் 5 ஆண்டுக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும்; லேபிளில் தேதி போடுவது அதற்காகத்தான்.