வேலையில் விழுந்த கேப்பை இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

குழந்தை பிறந்திருக்கும். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்திருக்கும். குரூப் 2-க்குப் படித்திருப்பீர்கள். கம்பெனியில் ஆட்குறைப்பு செய்திருப்பார்கள். காரணம் எதுவானாலும், ரெஸ்யூமேயில் ஒரு வருடமோ மூன்று வருடமோ காலியாகக் கிடந்தால் "இந்த கேப் எதுக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேள்வி வருவது உறுதி என்பதால் பதிலை முன்னாடியே தயார் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் தனியார் வேலை தேடுகிறவர்களை மனதில் வைத்து, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் தேதிகள்

என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். பழைய வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் ரிலீவிங் லெட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிஎஃப் உறுப்பினர் போர்ட்டலில் உங்கள் யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினருக்கான அடையாள எண்) போட்டு உள்ளே போய் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்கள். பிஎஃப் பிடித்த கம்பெனிகள் எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது நீங்கள் சொன்ன விவரங்கள் உண்மையா என்று சரிபார்க்கும் வேலை, செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டு வாங்குவார்கள்.

பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால், நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பது போலத் தெரியும். கடைசி பிஎஃப் தொகை கட்டி 2 மாதம் கழிந்திருந்தால், அதே போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' என்ற இடத்தில் நீங்களே தேதியைப் போடலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். சின்னக் கம்பெனியில் பிஎஃப் பிடிக்காமல் இருந்திருந்தால், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று சொல்லிப் பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் சென்னையில் ஏராளம். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெரிஃபிகேஷனில் மாட்டினாலும் வேலை போகும். உண்மையாக விழுந்த கேப்பை எப்படியும் சொல்லிச் சமாளிக்கலாம். போலி சர்டிபிகேட்டுக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

படி 2: மூன்று வரி பதில்

ஹெச்ஆர் காரணத்தைக் கேட்டாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு மூன்று விஷயங்கள். அந்தப் பிரச்சினை தீர்ந்ததா? வேலை இன்னும் கையில் இருக்கிறதா, மறந்துபோச்சா? சேர்ந்த மூன்றாம் மாதமே ஓடிவிடுவாரா? உங்கள் பதில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி, இப்போது நிலைமை என்ன என்பதற்கு ஒரு வரி, இந்த வேலைக்கு என்ன தயாராக இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரி போதும்.

குழந்தைக்காக நின்ற ஓர் அக்கவுன்டன்ட் இப்படிச் சொல்லலாம்: "2019-ல குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இப்ப பையன் ஸ்கூலுக்குப் போறான், சாயங்காலம் பாத்துக்க அம்மா கூடவே இருக்காங்க. டேலி பிரைம்ல பழகிட்டேன், சொந்தக்காரர் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்." இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மகப்பேறு விடுப்பு கேப் கிடையாது. 2017-ல் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு கூடிய விடுப்பு ஆக்கினார்கள். அந்தக் காலம் முழுக்க நீங்கள் பணியில் இருந்ததாகத்தான் கணக்கு. அதைத் தனியாகக் காட்டத் தேவையில்லை.

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். "குரூப் 2 கிடைச்சா போயிடுவீங்கதானே?" என்பது நேராகவே வரும். எழுதுவதை நிறுத்தியிருந்தால் தெளிவாகச் சொல்லுங்கள்: "ரெண்டு வருஷம் முழு நேரமா படிச்சேன். ப்ரிலிம்ஸ் தாண்டினேன், மெயின்ஸ்ல வரல. இனி தனியார் வேலைதான்னு முடிவு பண்ணிட்டேன்." இன்னும் எழுதப் போகிறவர் என்றால் சத்தியம் செய்யாதீர்கள். முழு நேரப் படிப்பை நிறுத்திவிட்டதாக மட்டும் சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். ஹால் டிக்கெட்டையும் ரிசல்ட்டையும் பத்திரமாக வையுங்கள், நீங்கள் சொல்வதற்கு அவைதான் சாட்சி.

உடம்பு சரியில்லாமல் நின்றவர்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "உடல்நலக் காரணம், சிகிச்சை முடிஞ்சது, முழு நேரம் வேலை பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றால் போதும். ஆட்குறைப்பில் போனவர்கள் அதை அப்படியே சொல்லலாம், இப்போதெல்லாம் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால்தான் காரியம் கெடும்.

படி 3: மூன்றாவது வரிக்குச் சரக்கு

முதல் இரண்டு வரிகளை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மூன்றாவது வரிக்கு வீட்டிலிருந்தே கொஞ்சம் உழைக்க வேண்டும். நீங்கள் விலகிய பிறகு உங்கள் தொழிலில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

அந்த அக்கவுன்டன்ட் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2019-ல் வேலையை விட்டவர் டேலி ஈஆர்பி 9 என்ற பழைய கணக்கு மென்பொருளில் பழகியிருப்பார். 2020 கடைசியில் அதன் புதிய பதிப்பான டேலி பிரைம் வந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்டிலிருந்து. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5, 18-க்குள் வந்துவிட்டன. இந்த மூன்றையும் தெரிந்துவைத்துப் பேசுகிறவரிடம் "டச் விட்டுப்போச்சே" என்று சொல்ல முடியாது. ஐடி, நர்சிங், ஆசிரியர் பணி எதுவானாலும் இப்படி மூன்று நான்கு மாற்றங்கள் தேறும்.

பொறியியல் பக்கம் இருப்பவர்களுக்கு ஐஐடிக்கள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐஐடி பெயர் போட்ட சர்டிபிகேட்டுக்கு இங்கே நல்ல மரியாதை உண்டு. ஆனால் பத்து ஆன்லைன் சர்டிபிகேட்டை அடுக்குவதைவிட, செய்து முடித்த ஒரு வேலையைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

படி 4: ரெஸ்யூமேயில் ஒரே வரி

இரண்டு மூன்று மாத கேப்பைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் போனால், வேலை அனுபவம் எழுதும் இடத்திலேயே தேதி வரிசையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "ஜூன் 2021 – மார்ச் 2025: குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி." அதன் கீழே அந்தக் காலத்தில் செய்த வேலையோ படிப்போ இருந்தால் இன்னொரு வரி. கதை எழுத வேண்டாம். லிங்க்ட்இன்னில் 2022-லிருந்து 'கேரியர் பிரேக்' என்றே தனிப் பிரிவு இருக்கிறது. ரெஸ்யூமே, நௌக்ரி, லிங்க்ட்இன் மூன்றிலும் ஒரே தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காரணத்தைவிட, முரண்படும் தேதிகள்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

சில பெரிய கம்பெனிகள் சேரும்போது கேப் அஃபிடவிட், அதாவது இடைவெளிக்கான காரணத்தைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம், கேட்கும். ஸ்டாம்ப் பேப்பரில் டைப் செய்து நோட்டரி கையெழுத்து வாங்கினால் முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அங்கேயும் அதே தேதிகள்தான்.

படி 5: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

இன்டர்வியூ ஆங்கிலத்தில் என்றால் அந்த மூன்று வரியையும் ஆங்கிலத்திலேயே பழகுங்கள். மனதுக்குள் தமிழில் தயாரித்துப் போய் அங்கே மாற்றுவது தடுமாற்றம்தான். ஃபோனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முக்கியமானது, சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். எதிரே இருப்பவர் அமைதியாக இருந்தால் நமக்குப் பதற்றம் வந்து மாமியார் வரை கதை போய்விடும்.

பெண்களிடம் "அடுத்த குழந்தை பிளான் இருக்கா?", "வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றெல்லாம் இன்னும் கேட்கிறார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. "வேலை நேரத்துக்கு எல்லா ஏற்பாடும் செஞ்சாச்சு சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பேச்சைத் திருப்புங்கள். திரும்பவும் அங்கேயே வந்தால், அந்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 6: எங்கே விண்ணப்பிப்பது, என்ன கேட்பது

கேப் விழுந்த பெண்களுக்கென்றே சில வாசல்கள் இருக்கின்றன. டாடா குழுமம் 2008-லேயே இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமேசானில் 'ரீகிண்டில்', இன்ஃபோசிஸில் 'ரீஸ்டார்ட்'. சென்னையில் அவதார் நிறுவனம் பல வருடங்களாக இப்படிப்பட்ட பெண்கள் வேலைக்குத் திரும்ப உதவிவருகிறது. தகுதி விவரங்களை அவரவர் தளத்தில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மற்ற இடங்களில் உங்களிடம் ஒரு துருப்பு இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் பீரியடில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அடுத்த திங்களே சேரலாம். ரெஸ்யூமேயின் மேலேயே "உடனே சேரத் தயார்" என்று போடுங்கள்.

சம்பளம் பேசும்போது கேப்பைக் காட்டிக் குறைக்கப் பார்ப்பார்கள். பழைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல், அந்த வேலைக்கு இன்று வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். குறைவாகத்தான் தருவேன் என்றால், ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபடி பார்ப்பதாக ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை ஹெச்ஆர் மாறினால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.