இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்குத் திடீர் மனக்குழப்பம்: வார்டில் குடும்பம் செய்ய வேண்டியவை

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டி நள்ளிரவில் "பஸ் வந்திருச்சா?" என்று கேட்டால், மறதிநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறதிநோய் மாதக்கணக்கில் முற்றும். டெலிரியம் எனும் இந்தத் திடீர் மனக்குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும். பகலில் தெளிவு, இரவில் குழப்பம் என்று ஏறி இறங்கும். வலி, நீர்ச்சத்துக் குறைவு, தொற்று, சோடியம் குறைவு, மருந்து என்று காரணம் பெரும்பாலும் பலவாக இருக்கும்.

1. சேர்த்த அன்றே எழுதிக் கொடுங்கள்

விழுவதற்கு முன் எப்படி இருந்தார்? தனியாகக் கடைக்குப் போனாரா, தமிழ் முரசு நாளிதழ் படித்தாரா? வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் பையோடு காட்டுங்கள். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய லேகியம், சளி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் விடாதீர்கள். குளோர்ஃபெனிரமின் உள்ள சளி மருந்து முதியவர்களைக் குழப்பும். தினமும் குடிப்பவர் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மதுவோ தூக்க மாத்திரையோ சட்டென்று நின்றாலும் குழப்பம் வரும்.

2. கண்ணாடி, காதுக்கருவி, பல்செட்

அன்றே வேண்டும். காதுக்கருவிக்கு மாற்று பேட்டரியும்.

3. கவனத்தைச் சோதியுங்கள்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சுருண்டு கிடப்பவரை "நல்லா தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டெலிரியம்தான், தாமதமாகப் பிடிபடுவதால் ஆபத்து அதிகம்.

மருத்துவமனையில் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். நீங்கள் காலையும் மாலையும் கிழமைகளைக் கேளுங்கள்: சனி, வெள்ளி, வியாழன்... முன்பு சொல்லக்கூடியவர் இப்போது நடுவில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாலோ, பதில் முடியுமுன் கண் சொருகினாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். "ஒரு மாதிரியா இருக்காங்க" என்றால் போதாது. "நேற்று மதியம் பேரன் பெயரைச் சொன்னார், இன்று காலையிலிருந்து கேள்வியே பிடிபடவில்லை" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.

4. வலி, வயிறு, சிறுநீர்

குழம்பியவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். புரட்டும்போது முகம் சுளிக்கிறதா பாருங்கள். கேட்டால்தான் வலிமருந்து என்பதைவிட நேரத்துக்கு பாராசிட்டமால் மேல். இடுப்பு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட முடியுமா என்றும் கேளுங்கள். மார்ஃபின் வகை வலிமருந்தின் தேவை குறையும். அந்த வகை மருந்து மலச்சிக்கலும் தரும். மூன்று நாள் மலம் போகாவிட்டாலும், அடிவயிறு உப்பினாலும் சொல்லுங்கள்.

தண்ணீர், கஞ்சி, மைலோ எதுவானாலும் மருத்துவர் அனுமதித்த அளவில், நிமிர்த்தி உட்காரவைத்து, முழு விழிப்பில் மட்டும். அரைத்தூக்கத்தில் ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

5. பகலைப் பகலாக்குங்கள்

மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியில் உட்காரவையுங்கள். தேதி காட்டும் டிஜிட்டல் கடிகாரத்தைவிடத் தாளில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுவதே என் தேர்வு: நாள், இடம், "மாலை 6 மணிக்கு மகள் வருவாள்". ஒலி 96.8 வானொலி அரைமணி நேரம் போதும். இரவில் கைபேசி வெளிச்சம் வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: சிறுநீர்க் குழாயைப் பிடுங்குகிறார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கையைக் கட்டினால் பதற்றம் கூடும். குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். தமிழ் தெரியாத இல்லப் பணிப்பெண் இரவில் துணைக்கு இருந்தால், "வலிக்குதா", "தண்ணி", "பாத்ரூம்" மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். பாட்டி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசினால் வாதாடாதீர்கள். ஒருமுறை மெதுவாக இடத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். வீடு திரும்பிய பிறகும் குழப்பம் சில வாரம் நீடிக்கலாம். குறையாவிட்டால் அடுத்த சந்திப்பில் நினைவாற்றல் பரிசோதனை கேளுங்கள்.