கோவைக்கு இறங்கும் முன்பே நினைவுக்கு வர: நீலகிரியில் வாழ்வோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஸ்கேன் படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்ட சமவெளி நகரத்துக்காரர், ஆட்டோ பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் அதை எடுத்து வந்துவிடலாம். உதகையிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ கோவைக்குச் சென்றவருக்கு அந்த வசதி இல்லை. இருட்டோடு எழுந்து முதல் பேருந்தைப் பிடித்து, மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி, டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பெயரைக் கூப்பிடும்போதுதான் படம் பீரோவின் மேல் இருப்பது அவருக்கு உறைக்கும். அன்றைய கூலியும் பேருந்துக் காசும் வீணாவதோடு, மருத்துவரைப் பார்க்கும் நாளும் தள்ளிப்போகும். மலையில் ஒரு சிறு மறதிக்கு ஒரு முழு நாளை விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், செய்ய வேண்டிய காரியம் செய்ய வேண்டிய இடத்திலும் நேரத்திலும் நினைவுக்கு வருவதற்கு என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஸ்கேன் படத்தை விட்டுவிட்டுப் போனவருக்கு ஞாபகசக்தி இல்லை என்று வீட்டார் கடிந்துகொள்வது முறையன்று. படம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர் உடனே சரியாகச் சொல்லிவிடுவார். செய்தி மனத்தில் இருந்தது. கிளம்பும் நேரத்தில் அதை எழுப்ப எதுவும் இல்லை என்பதே குறை. படித்ததை நினைவில் வைத்திருப்பதும், இனிச் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்று உளவியலாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி 1990இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணில் படும் ஓர் அடையாளத்தோடு பணியை இணைத்துக் கொடுத்தபோது முதியவர்கள் இளையவர்களுக்குப் பின்தங்கவில்லை. நேரத்தைத் தாமே கணக்கிட்டு நினைக்க வேண்டிய பணிகளில்தான் முதியவர்கள் தடுமாறினார்கள் என்பது, அவர்கள் பின்னர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. பாட்டி தாத்தாக்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இது பெரும் உதவியான செய்தி.

எனவே கடிகாரத்தை நம்புவதைக் குறைத்துக்கொண்டு, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு புதிய செயலை முடிச்சுப் போடுங்கள். 'இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை' என்பதை 'வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதும் மாத்திரை' என்று மாற்றுங்கள். இன்ன செயல் நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வது, வெறுமனே செய்ய வேண்டும் என்று எண்ணுவதைவிட வலுவானது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் எடுத்துக்காட்டினார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் என்பதால் பலருக்கும் அது தவறிப்போகிறது. பல் துலக்கும் இடத்திலேயே வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நம் ஊர்க் குளியலறையின் ஈரமும், ஜூன் முதல் விடாமல் இறங்கும் மூடுபனியும் மாத்திரைக்கு ஆகாதவை. காலையில் எழுந்ததும் கை தானாகப் போவது ஸ்வெட்டர் மாட்டியிருக்கும் ஆணிக்குத்தான். அந்த ஆணிக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், மூடியுள்ள சிறு டப்பாவில் மாத்திரை அட்டையை வைத்துவிட்டால் ஸ்வெட்டரும் மாத்திரையும் ஒரே பழக்கமாகிவிடும்.

மாத்திரையில் இன்னொரு சிக்கல், போட்டோமா இல்லையா என்ற ஐயம். ஒரே செயலைத் தினமும் ஒரே விதமாகச் செய்வதால் நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எவ்வளவு யோசித்தாலும் விடை கிடைக்காது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிறவர்கள் சந்தேகத்தில் இரண்டாம் முறை போட்டுக்கொள்வது ஆபத்தானது. கிழமை வாரியாக அறை பிரித்த பெட்டியை மருந்துக்கடையில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிரப்பி வையுங்கள். செவ்வாய்க்கிழமை அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று பொருள்.

கீழே இறங்கும் நாளுக்கான ஏற்பாடு

வெளியூர் செல்லும் நாளின் வேலையை முந்தைய இரவே முடித்துவிட வேண்டும். குளிரில், அரைத் தூக்கத்தில், பேருந்து போய்விடுமோ என்ற பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது. மருத்துவச் சீட்டு, பழைய அறிக்கைகள், ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, அந்த உறையை மறுநாள் அணியப்போகும் செருப்பின் மேலேயே வையுங்கள். மேசைமேல் வைத்தால் அதைப் பார்க்காமலே கடந்துபோய்விடலாம். செருப்பின் மேல் இருப்பதை எடுக்காமல் வாசல் தாண்ட முடியாது. குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினைப் போல முன்கூட்டியே வெளியில் எடுத்து வைக்க முடியாத பொருளுக்கு, வீட்டுச் சாவியை அந்தக் குளிர்பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்ல வழி. பூட்டாமல் யாரும் கிளம்பப் போவதில்லை.

கைபேசி அலாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஒலிக்கும் இடத்தில் அந்த வேலையைச் செய்ய முடிய வேண்டும். இரண்டு கைகளும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது 'மின்கட்டணம் கட்டு' என்று ஒலித்தால், ஈரக் கையைத் துடைத்து அதை அணைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவோம். அணைத்த கணமே அது மறைந்துவிடும். இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு அலாரம் வைப்பதே சரி. காற்றும் மழையும் வலுத்து மரம் விழுந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போகும் காலங்களில் கைபேசியே அணைந்துவிடும் என்பதால், சமையலறையில் ஒரு மாதக் காலண்டரும் அதோடு கட்டிய பேனாவும் அவசியம்.

அந்தக் காலண்டரில் கெடு முடியும் நாளை மட்டும் குறிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வேலையைத் தொடங்க வேண்டிய நாளைக் குறியுங்கள். அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையிலும் வெலிங்டன் ராணுவ மையத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பலர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். அந்த நவம்பர்தான் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை அனுபவித்தவர்களுக்குச் சாலை எப்படி ஒரே இரவில் இல்லாமல் போகும் என்று சொல்லத் தேவையில்லை. நவம்பர் 30 என்று குறிப்பதற்குப் பதிலாக நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம் என்பதால், அவர்களுக்கான குறிப்பு அக்டோபர்த் தாளில் இருக்க வேண்டும். 'பென்ஷன்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், யார் போவது, எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் எந்த ஏற்பாட்டிடமும் ஒப்படைக்காதீர்கள். குளிருக்காக அறைக்குள் கரிக் கணப்பு வைத்து, தூங்கும் முன் வெளியே எடுத்து வைத்துவிடலாம் என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவது. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. அது முதலில் அயர்வைத் தருவதால், எடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணமே எழாமல் போகும். கணப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை

எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட முடியாது. கைபேசி அணைந்த நேரத்தில் வேறொருவருடைய பேசியிலிருந்து அழைக்க, வீட்டாரில் ஒருவருடைய பத்து இலக்க எண்ணாவது ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906 என்பவை சிறிய எண்களே என்றாலும் பதற்றத்தில் குழம்பக்கூடியவை.

எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பதால் பெரிய பயன் இல்லை. பார்க்காமல் சொல்லிப் பார்க்கும்போதுதான் அது ஊன்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், மறுபடியும் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நிகழ்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டினார். ஆகவே எண்ணை ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, அன்றிரவு ஒரு முறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே பார்க்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் இரவு உணவின்போது கேட்டாலே போதும்.

வரிசையாகப் பேச வேண்டிய செய்திகளுக்குப் பழைய கிரேக்கர்கள் கையாண்ட முறை ஒன்று உண்டு: நன்கு தெரிந்த பாதையின் இடங்களில் செய்திகளை ஒவ்வொன்றாக மனக்கண்ணில் வைத்துவிட்டு, பின்னர் அதே பாதையில் மனத்தால் நடப்பது. நினைவுப் போட்டிகளில் வெல்பவர்களை மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு லண்டனில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுடைய மூளை அமைப்பில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. பெரும்பாலோர் இந்த முறையைப் பின்பற்றியவர்கள். நமக்கு மலை ரயில் பாதையே ஆயத்தமாக இருக்கிறது: மேட்டுப்பாளையம், கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். கிராம சபையில் குடிநீர், தெருவிளக்கு, தடுப்புச்சுவர், பேருந்து ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் நடைமேடையில் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுகிறது. பல்சக்கரப் பாதை தொடங்கும் கல்லாற்றில் தண்டவாளப் பற்களுக்கு நடுவே தெருவிளக்கு நட்டிருக்கிறது. ஆடர்லியில் சுவர் சரிந்து கற்கள் உருள்கின்றன. ஹில்குரோவில் குரங்குகள் ஒரு பேருந்து நிறைய உட்கார்ந்திருக்கின்றன. காட்சி எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நன்றாக நிற்கும். காய்கறிப் பட்டியலுக்கு இந்த உழைப்பு வேண்டாம். அதற்குத் துண்டுச்சீட்டே சிறந்தது.

எப்போது மருத்துவரிடம் செல்வது

சாவியை வைத்த இடம் மறப்பதும், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வந்தபின் எதற்கு வந்தோம் என்று நிற்பதும் எல்லோருக்கும் நேர்வதே. பல ஆண்டுகளாக நடந்த வழியிலேயே திசை தெரியாமல் நிற்பது, சற்று முன் கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பது, பழகிய இலைக்கணக்கைப் போட முடியாமல் திணறுவது ஆகியவை வேறு வகை. இவற்றை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, சளிக்கும் ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரலாம்; இவற்றுள் பல சிகிச்சையால் சரியாகக்கூடியவை. மருத்துவரிடம் போகும்போது எந்த மாதத்திலிருந்து இப்படி இருக்கிறது, என்னென்ன நடந்தது என்பதைத் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். கூடவே இருந்து பார்த்த ஒருவர் உடன் செல்வது கட்டாயம்.