புறநகருக்குக் குடிவந்தாச்சு, இனி எந்தக் கோயிலுக்குப் போவது?

தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எப்படி, ஸ்கூல் எவ்வளவு தூரம், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாம் விசாரிப்பார்கள். சாமான் இறக்கி, பால் காய்ச்சி, முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகுதான் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். நாங்களும் அப்படித்தான் விழித்தோம். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். இங்கே சர்ச் என்கிறார்கள், பெந்தெகொஸ்தேகாரர்கள் சபை என்கிறார்கள். எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.) ஊரில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை, தாத்தா எங்கே போனாரோ அங்கேதான் நாமும்.

நீங்கள் கத்தோலிக்கர் என்றால் வேலை பாதி முடிந்தது. நீங்கள் குடியிருக்கும் இடமே உங்கள் பங்கு, அதாவது உங்கள் பகுதிக்கான கோயில், எது என்று தீர்மானித்துவிடும். பூசை பார்க்க எந்தக் கோயிலுக்கும் போகலாம், சனிக்கிழமை சாயங்காலப் பூசைகூட ஞாயிறுக் கடனுக்குச் செல்லும், ஆனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம், முதல் நற்கருணை, கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) என்று வரும்போது சொந்தப் பங்குதான் கேட்பார்கள். அதனால் வந்த மாதமே பங்கு அலுவலகத்தில் போய்க் குடும்பத்தைப் பதிந்துவிடுங்கள், அப்படியே உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்றும் கேளுங்கள். பெரிய பங்கில் சாமியாருக்கு உங்கள் முகம் தெரிய வருஷக்கணக்காகும், அன்பியக் கூட்டத்துக்கு இரண்டு தடவை போனால் நாலு வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்று கவனியுங்கள், தாம்பரம் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி), சென்னை-மயிலை இல்லை. கடிதம் கொண்டுவருவதாக இருந்தால் சரியான பெயரில் வாங்குங்கள்.

சி.எஸ்.ஐ. கொஞ்சம் வேறு மாதிரி. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியில் வந்த சபைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உண்டான திருச்சபை இது, அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. பாளையங்கோட்டை, நாசரேத்திலிருந்து வருகிறவருக்கு முழங்கால்படியிட்டு ஆராதனைப் புத்தகம் பார்த்துப் படித்தால்தான் கோயிலுக்குப் போன மாதிரி இருக்கும், நாகர்கோவில் லண்டன் மிஷன் வழியில் வளர்ந்தவருக்கு அதே முறைமை கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், மதுரை அமெரிக்கன் மிஷன் ஆட்களுக்கு இன்னொரு பழக்கம். சென்னைப் புறநகர்க் கோயிலில் இவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஞாயிறே 'இது நம்ம கோயில் மாதிரி இல்லையே' என்று திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தக் கோயிலும் உங்கள் ஊர்க் கோயில் மாதிரி இருக்காது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரிய கோயில், அருமையான பாடகர் குழு, பாமாலை பாடினால் கூரை அதிரும். ஆறு மாதம் போனோம். ஒருத்தர்கூட 'எங்கே இருக்கீங்க' என்று கேட்கவில்லை. கேட்ட ஒரே ஒருவரும் 'சொந்த ஊர் எது' என்றுதான் ஆரம்பித்தார், அதற்கு அடுத்த கேள்வி எதை நோக்கிப் போகும் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரும் சாதியும் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை, அதிலும் கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது இந்தக் கணக்கு பச்சையாகத் தெரியும். தேர்தல் சமயத்தில் யாராவது திடீரென்று உங்கள் மேல் பாசமாக இருந்தால் சந்தா கட்டியாகிவிட்டதா, ஓட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்தக் கோயிலையும் அறுப்பின் பண்டிகை அன்றோ கிறிஸ்துமஸ் அன்றோ போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கு எல்லாக் கோயிலும் அழகுதான், பிரியாணி வேறு. ஜூன், ஜூலையில் ஒரு சாதாரண ஞாயிறு போங்கள். ஆராதனை முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் பத்து நிமிஷம் வெளியே நில்லுங்கள். யார் வந்து பேசுகிறார்கள், வயதானவர்களை யார் கைபிடித்துப் படியிறக்குகிறார்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்களா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பிரசங்கத்தை வைத்து எடை போடாதீர்கள். நல்ல பிரசங்கம் யூடியூப்பில் கிடைக்கும், சி.எஸ்.ஐ. ஐயருக்கோ (போதகரை அப்படித்தான் சொல்வோம்) சில வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் நான் பார்ப்பது.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் தனிச் சபைகளுக்கும் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்க வேண்டும், ஏனென்றால் போர்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், உள்ளே ஒவ்வொன்றும் ஒரு விதம். குழந்தையில் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், முழுக்கு எடுக்கச் சொல்வார்கள். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, எதிர்பார்ப்பார்கள். நகை விஷயமும் சபைக்குச் சபை மாறும். இரும்புலியூரில் தலைமையகம் இருக்கிற தி பெந்தெகொஸ்தே மிஷன் மாதிரி இடத்தில் விசுவாசிகள் வெள்ளை உடுத்துவார்கள், நகை போடமாட்டார்கள், ஊழியக்காரர்கள் கல்யாணம் செய்யாமல் விசுவாச வீட்டில் (ஊழியக்காரர்கள் சேர்ந்து வாழும் இல்லம்) தங்கி ஊழியம் செய்வார்கள். அது அவர்கள் வழி, ஒளிவுமறைவு கிடையாது. சகோதரர் சபைக்குப் போனால் பாஸ்டர் எங்கே என்று தேடாதீர்கள், அங்கே அப்படி ஒருவர் தனியாக இருக்கமாட்டார், வாராவாரம் அப்பம் பிட்பார்கள் (நற்கருணையை அப்படித்தான் சொல்வார்கள்), பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள்.

புதிதாக முளைத்த சபை என்றால் மூன்று விஷயம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இடம் சபையின் பெயரில் இருக்கிறதா, பாஸ்டர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா? வருஷக் கணக்கைச் சபைக்கு முன்னால் வாசிக்கிறார்களா? பாஸ்டருக்குக் கல்யாணம் நடத்தி வைக்க லைசென்ஸ் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம்தான் இன்னும் இங்கே நடப்பில் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாதவர் நடத்தி வைத்த கல்யாணத்துக்கு அப்புறம் சான்றிதழ் தேடி அலைய வேண்டியிருக்கும். இதைக் கேட்டதற்காக முகம் சுளித்தால், சரி, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தூரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெருங்களத்தூரில் இருந்துகொண்டு எழும்பூர்க் கோயிலுக்குப் போவேன் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், பழைய உறவு, விட மனசு வராது, புரிகிறது. ஞாயிறு ஒரு நாள் போகலாம். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும், பிள்ளையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று போவீர்களா? நடந்து போகிற தூரத்தில் சுமாரான கோயில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், எடுத்தும் இருக்கிறேன். ஷீட் போட்ட கூரை, ஒரே ஒரு கீபோர்டு, மழை பெய்தால் ஐயர் பேசுவது கேட்காது. இரண்டாவது வாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

முடிவு செய்ததும் பழைய கோயிலிலிருந்து மாறுதல் கடிதம், ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) சான்று மூன்றையும் வாங்கி வையுங்கள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது, கேட்கும் நேரத்தில் ஐயர் மாறியிருப்பார், ரிஜிஸ்டர் வேறு அலமாரியில் இருக்கும். அப்புறம் சேருவதற்கு முன் கோயில் பிள்ளையிடம் (கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) தனியாக ஒன்று கேளுங்கள், இந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது, அதில் புதிதாக வந்தவர்களுக்கு இடம் கொடுக்கிறார்களா என்று. எங்கள் மாமனார் இறந்த அன்றைக்குத்தான் நாங்கள் அதைக் கேட்டோம்.